எங்க எம்.பி. தப்பா படிச்ச நம்பர்

மண்ணுக்குள்ள அழுகிப்போன மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வாடை எப்படி இருக்கும்னு விவசாயம் பாத்த வீட்டு ஆளுங்களுக்குத் தெரியும். ஈரக் கோணியும் ஊசிப்போன எண்ணெயும் கலந்தா மாதிரி... அந்த வாடையோடதான் கஸ்தூரி அக்கா என் டேபிளுக்கு வந்தாங்க.

அப்போ நான் திண்டிவனத்துல ஒரு எம்.பி. ஆபீஸ்ல டைப்பிஸ்ட். பட்டன் போன் காலம். மேல்சபை எம்.பி., எதிர்க்கட்சிக்காரரு. நாங்க எல்லாரும் அண்ணன்னுதான் கூப்புடுவோம். ரோடு, பாலம்னு வர்ற மனுவை விட, பொருள் வாங்கி ஏமாந்துட்டோம்னு வர்ற மனுவைத்தான் மொதல்ல எடுப்பாரு. "வாங்குனவன் கேள்வி கேக்கலாம்னு இவங்களுக்கு யாருமே சொல்லலம்மா"ன்னு புலம்புவாரு.

அக்காவுக்கு மயிலம் பக்கம் ஒரு ஊரு. துண்டுல முடிஞ்சு கொண்டாந்த விதையை டேபிள் மேல கொட்டுனாங்க. ஒண்ணுகூட முளைக்கல. ஊர்ல முப்பது வீட்ல ஒண்ணா வாங்குன அதே கம்பெனி விதை, முப்பது வீட்டுக்கும் விதைக்கற பட்டமே போச்சு. அக்காதான் வீடு வீடா அலைஞ்சு கையெழுத்து வாங்கி விழுப்புரம் நுகர்வோர் கோர்ட்டுல கேஸ் போட்டாங்க.

கம்பெனிக்காரன் இன்னா சொன்னான் தெரியுமா? விவசாயி நுகர்வோரே கெடையாதாம். எரிச்சல்னா எரிச்சல் எனக்கு.

அண்ணன் டெல்லில இதைப் பேசறதா முடிவாச்சு. மூணே நிமிஷம் குடுப்பாங்க. விதைப்பை வாயில தைச்சிருக்கற அட்டையில ஒரு லாட் நம்பர் இருக்கும், எந்தக் குவியல் விதைன்னு அதுதான் சொல்லும். "நம்பரோட பேசுனாதான் யாரும் நழுவ முடியாது"ன்னாரு. அக்கா குடுத்த அட்டையைப் பாத்து நான் டைப் பண்ணி ஃபேக்ஸ்ல அனுப்பிட்டேன்.

அண்ணன் பன்னெண்டு மணிக்குப் பேசற அன்னிக்கு, பதினோரு மணி வாக்குல அக்கா டிவி பாக்க ஆபீசுக்கே வந்துட்டாங்க. கையில பக்கத்து வீட்டு அட்டை. "இதுவும் அதே விதைதான், சேத்து வெச்சிக்கோ பாப்பா"ன்னாங்க.

சும்மா திருப்பிப் பாத்தேன். அதுல கடைசி எண் எட்டு. நான் அனுப்புனது மூணு.

அக்காவோட அட்டையைத் தேடி எடுத்தேன். கடைசி எண் மேல காஞ்சுபோன மஞ்சள், பாதியை மூடிக்கினு இருக்குது. ஈரத் துணியால தொடச்சா... எட்டு.

"இன்னாக்கா இது?"

"விதை போடறதுக்கு முன்னாடி விதைப்பைக்கு மஞ்சள் பொட்டு வெச்சு கற்பூரம் காட்டுவோம்ல... அட்டைதானே பைக்கு மூஞ்சி மாதிரி இருக்குது. அதான் அதுல வெச்சேன்."

அவங்களைச் சொல்லி என்ன பண்றது? மஞ்சளைப் பாத்தும் தொடைக்காம டைப் பண்ணது நான். சாமிக்கு வெச்சதைத் தொடைக்கறதான்னு கை வரல. அவ்ளோதான்.

டெல்லில அண்ணனோட பி.ஏ. குமரனுக்கு போன் போட்டேன். பிஸி. திருப்பிப் போட்டேன். பிஸி.

"தப்பு நம்பர் சொன்னா இன்னா ஆவும் பாப்பா?"

"அது எங்க விதையே இல்லன்னுடுவான்க்கா."

அக்கா அப்படியே பெஞ்சுல உக்காந்துட்டாங்க. "நான் சொல்லித்தானே எல்லாரும் கையெழுத்து போட்டாங்க... ஊருக்குள்ள எப்படிப் போவேன்?"

பன்னெண்டாக அஞ்சு நிமிஷம் இருக்கும்போதுதான் லைன் கெடச்சுது. "நான் உள்ள போக முடியாதுக்கா, சீட்டு எழுதிக் குடுத்தனுப்பறேன்"னு குமரன் ஓடுனான்.

டிவியில அண்ணன் எழுந்துட்டாரு. "சோப்பு வாங்கறவன் நுகர்வோர்னா, விதை வாங்கறவன் யாரு?" நல்லாத்தான் ஆரம்பிச்சாரு. எனக்கு ஒரு வார்த்தை காதுல ஏறல. அவரு பக்கம் யாராவது சீட்டோட வர்றாங்களான்னே பாத்துக்கினு இருந்தேன். யாரும் வரல. நம்பரைப் படிச்சாரு. மூணுன்னு முடிச்சாரு. உக்காந்துட்டாரு.

அதுக்கப்புறம்தான் ஒரு கை சீட்டை நீட்டுச்சு.

அடுத்தவரு பேச ஆரம்பிச்சாச்சு. அண்ணன் மறுபடி எழுந்தாரு. உக்காருங்க, உக்காருங்கன்னு ஒரே சத்தம். மைக் இல்ல. மனுஷன் நின்னுக்கினே இருந்தாரு. கடைசில அரை நிமிஷம் குடுத்தாங்க.

"நம்பரை நான் தப்பா படிச்சுட்டேன். கடைசி எண் எட்டு. தப்பு என்னோடது, திருத்திக்குங்க."

எதிர் வரிசையில சிரிப்பு. மறுநாள் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல போஸ்டர்... எட்டுக்கும் மூணுக்கும் வித்தியாசம் தெரியாத எம்.பி.ன்னு.

ஆனா சபைக் குறிப்புல பதிவானது எட்டு. அதை வெச்சு அதிகாரிங்க கம்பெனி குடோன்ல சாம்பிள் எடுத்தாங்க, விதை மட்டம்னு ரிப்போர்ட் வந்துச்சு. விழுப்புரத்துல முப்பது வீடும் ஜெயிச்சுது.

அண்ணன் ஊருக்கு வந்தப்போ ராஜினாமா லெட்டரை நீட்டுனேன். படிச்சாரு. "சபையில கேட்டது என் குரல்தானேம்மா"ன்னு கிழிச்சுப் போட்டுட்டு, அடுத்த மனுவைக் கேட்டாரு. யாருகிட்டயும் அவரு என் பேரைச் சொல்லல. அடுத்த தடவை கட்சி அவருக்கு எம்.பி. சீட்டும் குடுக்கல. அந்தப் போஸ்டரும் ஒரு காரணம்னு பேசிக்கினாங்க.

இப்போ விதைப்பையில க்யூஆர் கோடு வந்துடுச்சு. போனைக் காட்டுனா எல்லா விவரமும் வருது. சபையும் நாள் பூரா போன்லயே ஓடுது, நானும் பாக்கறேன். எவ்ளோ பேரு பேசறாங்க... "தப்பு என்னோடது"ன்னு ஒருத்தர் எழுந்து நின்னு சொல்லி நான் பாக்கல.

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில அந்த எட்டு-மூணு ஜோக்கை ஒருத்தர் சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், நானும் சேந்து சிரிச்சேன். வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உக்காந்தேன்.

அண்ணனுக்கு வயசாயிடுச்சு. இத்தனை வருஷம் கழிச்சு சொல்றேன், திண்டிவனத்து ஆளுங்க யாராவது படிச்சா நாலு பேருக்குச் சொல்லுங்க. அவரு தப்பா படிக்கல. நான் அடிச்சுக் குடுத்ததைத்தான் படிச்சாரு.