பால் சொம்போடு போன தாலி

என் வீட்டுக்காரர் பீங்கான் கம்பெனியில் சூளை வேலை பார்த்தவர். அவர் இறந்த கோடையில் எங்கள் விருத்தாசலத்து மணிமுத்தாற்றில் பொட்டுத் தண்ணீர் இல்லை. அஸ்தியைக் கடலூருக்குக் கொண்டுபோய்க் கரைக்கலாம் என்றார்கள்.

எங்கள் பக்கம் கருமாதியன்று விடியலில் தாலியைக் கழற்றிப் பால் சொம்பில் போடுவார்கள். பிறகு பாலை ஊற்றிவிட்டுத் தாலிப் பொட்டை எடுத்து வைப்பார்கள். அன்றைக்கே கரைக்க இருந்த அஸ்திக்கு ஊற்றவும் ஒரு சொம்புப் பால் இருந்தது. இரண்டும் அடுப்படியில் பக்கத்துப் பக்கத்தில். என் தம்பி அவசரத்தில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனான். இடுப்பளவுக் கடலில் நின்று அஸ்தியோடு பாலையும் கவிழ்த்துவிட்டு வந்தான். சாயங்காலம், வீட்டில் இருந்த சொம்பைச் சாய்த்துப் பார்த்தோம். வெறும் பால்தான் இருந்தது.

யாரும் அவனைத் திட்டவில்லை. அன்றிலிருந்து அவன் என் வீட்டில் கை நனைப்பதில்லை. அவனுக்கும் அதே கம்பெனிதான். வேலை விட்டு வரும்போது வாசலில் சைக்கிளை நிறுத்தி, "எதாச்சும் வேணுமாக்கா?" என்பான்.

"உள்ள வாடா, சாப்புடு."

"காலெல்லாம் களிமண்ணுக்கா" என்று போய்விடுவான்.

ஐப்பசியில் புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் ஓடி வந்தான். "கடலூரு பீச்சுல ஒருத்தரு மிஷினு வச்சி மண்ணுல கெடக்கற நகையெல்லாம் எடுக்கறாராம். புயலு கரைய அரிச்சிட்டா அடியில கெடக்கறது மேல வந்துருமாம். கெளம்புக்கா."

எனக்கு நம்பிக்கையில்லை. கடல் எங்கே, அத்தனூண்டு பொட்டு எங்கே. அவன் முகத்துக்காகத்தான் பஸ் ஏறினேன்.

அந்த மனுஷர் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு, நீளக் கம்பியின் முனையில் இருந்த தட்டை மணல்மேல் வீசி வீசி நடந்தார். மிஷின் கத்திய இடத்திலெல்லாம் தம்பி மண்டியிட்டுக் கையால் தோண்டினான். சோடா மூடி. ஆணி. துருப்பிடித்த சாவி. மறுபடியும் சோடா மூடி.

"வூட்ல மூட்டை மூட்டையா சோடா மூடி வச்சிருக்கேம்மா. என்னையும் சேத்து எடைக்குப் போட்டுருவேன்றா பொண்டாட்டி" என்றார் அவர். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். தம்பி சிரிக்கவில்லை.

வெயில் ஏறும்போது ஒன்று கிடைத்தது. தாலிப் பொட்டுதான். தம்பி அதை அலையில் அலசி என் உள்ளங்கையில் வைத்தான்.

"அக்கா, உன்னுதுதான?"

அதில் நாமம் இருந்தது. எங்கள் தாலியில் லிங்கம். அவனுக்குத் தெரியாததல்ல. என் கல்யாணத்தில் தாலித் தட்டை ஏந்தி, ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய்த் தொட்டுக் கும்பிட வைத்தவன் அவன்.

"ஆமான்னு சொல்லுக்கா" என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி.

சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் அது யாரோ ஒருத்தியின் கழுத்தில் கிடந்தது. அலை அறுத்ததோ, என்னைப் போல் கழற்றியதோ, தெரியாது.

"இல்லடா. இது நம்புளுது இல்ல."

அந்த மனுஷரிடம் திருப்பிக் கொடுத்தேன். "தேடிக்கிட்டு வருவாங்களான்னு கொஞ்ச நாளு வச்சிருக்கேம்மா" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தம்பி வேட்டி நனைய நனையத் தண்ணீருக்குள் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றான். அழுகிறான் என்று தோள் குலுங்குவதைப் பார்த்துத்தான் தெரிந்தது. கிட்டே போக எனக்குக் கால் வரவில்லை.

விருத்தாசலத்தில் இறங்கியதும், "ஒரு வாய் சாப்புட்டுட்டுப் போடா" என்றேன்.

"இன்னொரு புயலு வரட்டும்க்கா."

புயல்கள் வந்தன. கடலுக்குப் போகலாம் என்று அவனும் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. நல்ல நாள், பெரிய நாளில் நான்தான் அவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன். திரும்பும்போது கூடவே வந்து, என் வாசல் வரைக்கும் விட்டுவிட்டு, அங்கேயே நின்றுகொள்வான்.