தராசக்காவின் நாலாவது நிமிடம்

"ஒரு மாதிரியா இருக்காக்கா?" என்று கேட்டேன்.

"எப்பவுமே ஒரு மாதிரியாத்தான்மா இருக்கு. கல்யாணம் ஆனதுல இருந்து."

"அது இல்லக்கா. இப்ப, இந்த கேம் ஆடினதால?"

"இதால ரெண்டு மாதிரியா இருக்கு."

"வாயில எச்சில் ஊறுதா?"

"ஊறுது."

"கொஞ்சமா, நடுத்தரமா, ரொம்பவா?"

"இதையெல்லாம் அளந்தா பார்ப்பாங்க? அந்த வாளியை இப்படித் தள்ளு. தள்ளிட்டு அப்புறம் கேளு."

தள்ளினேன். மீதிப் பதினான்கு கேள்விகளையும் அரை மணி நேரம் கழித்துத்தான் கேட்க முடிந்தது.

அது என்னுடைய முதல் நாள். கேள்வித்தாள் ஆங்கிலத்தில் வந்திருந்தது. இரண்டு மொழியும் படித்தவள் என்று அதைத் தமிழில் எழுதவும், சோதனைக்கு வருகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பதில்களைக் குறிக்கவும் என்னை எடுத்திருந்தார்கள். முதல் கேள்விக்கு அகராதியில் 'பொதுவான அசௌகரியம்' என்று இருந்தது. அப்படி யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 'ஒரு மாதிரி' என்று போட்டேன்.

அந்த அக்கா அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் துணி ஆல்டரேஷன் கடை வைத்திருந்தார். பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, உடம்பு இளைத்தவர்களுக்குத் தையல் பிடிப்பது. பேருந்தில் இரண்டு நிறுத்தம் தாண்டினால் அவருக்குக் குடலைப் பிரட்டும். "உன்னை வண்டியில ஏத்துறதுக்கு வண்டியை உன் மேல ஏத்திடலாம்" என்று அவருடைய அண்ணன் சொல்வாராம். எங்கள் ஐந்தாவது மாடிக்கும் அவர் படியேறித்தான் வருவார்.

தலையில் மாட்டிக்கொண்டு ஆடும் விளையாட்டுகளைச் செய்யும் நிறுவனம் எங்களுடையது. சீக்கிரம் குமட்டல் வருகிற ஒருவர் அவர்களுக்குத் தேவைப்பட்டார். வீட்டில் எல்லோரும் கேலி செய்த வயிற்றை இங்கே செவ்வாயும் வெள்ளியும் மரியாதையாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். குமட்டலை அளந்து சொல்பவர் என்று அவருக்குத் தராசக்கா என்ற பெயரும் வைத்தார்கள். அந்தப் பெயரில் அவருக்குப் பெருமை உண்டு. கடையில் வாடிக்கையாளர் காத்திருந்தாலும், "மேல ஆபீஸ்ல என்னைக் கேக்காம ஒண்ணும் நகராது" என்று சொல்லிவிட்டு வருவார்.

உண்மையில் அப்படித்தான் இருந்தது. விளையாட்டில் கால்வாய்கள் ஓடும் ஒரு நகரம். அதில் நகர இரண்டு வழி. போக வேண்டிய இடத்தைச் சுட்டிப் பொத்தானை அழுத்தினால் அங்கே போய் நிற்கலாம். அதில் யாருக்கும் தொந்தரவில்லை. இன்னொன்று, கையிலிருக்கும் கருவியின் ஸ்டிக்கைக் கட்டைவிரலால் தள்ளினால் நடப்பதுபோல வழுக்கிக்கொண்டு போவது. கண் போகிறது, கால் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் வயிறு மாட்டிக்கொள்கிறது.

இந்த இரண்டாவது வழி, நாங்கள் குடுமி என்று அழைத்த புரோகிராமரின் செல்லப் பிள்ளை. "தாவித் தாவிப் போறது தவளைக்கு. மனுஷன்னா நடக்கணும்" என்பார். தராசக்கா பத்து நிமிடம் தாங்கினால் அந்த நடை விளையாட்டில் சேரும், இல்லாவிட்டால் தவளைதான். குடுமி என்னென்னவோ செய்து பார்த்தார். நகரும்போது பார்வையின் ஓரங்களை இருட்டாக்கினார். திரும்புவதைத் துண்டு துண்டாக்கினார். எதிரில் மின்விசிறி வைத்தார். ஒவ்வொரு முறையும் அக்காவின் பதில் மாறவில்லை: நாலாவது நிமிடம், பாலத்துக்கு முந்தின வளைவு.

இரண்டாவது வருடத்தில் எனக்கு ஒரு நெருடல் வந்தது. ஆரம்பத்தில் குமட்டும்போது அக்கா வாயே திறக்க மாட்டார். மேலுதட்டில் வியர்வை பூக்கும், காது மடல் வெளுக்கும். இப்போதோ வியர்வை இல்லை, பேச்சு மட்டும் இருந்தது. "ஐயோ, பிரட்டுதே, வந்துடுச்சே" என்று கணீரென்று சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை அவர் லிஃப்டிலிருந்து இறங்குவதைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "மூட்டு வலிம்மா, அதான்" என்றார்.

குடுமிக்கும் சந்தேகம் வந்துவிட்டது. "வாளி நனைஞ்சு எத்தனை மாசம் ஆச்சு தெரியுமா? தராசுக்கு அடியில புளி ஒட்டியிருக்கு. வேலை போயிடும்னு நடிக்கிறாங்க. என் வேலை கெடுது" என்றார். எனக்கு இன்னொரு தாள் தந்தார். அக்கா சொல்வதை ஒன்றில் எழுத வேண்டும், நான் பார்ப்பதை மற்றதில். அக்காவுக்குத் தெரியக் கூடாது.

ஒப்புக்கொண்டேன். மறுத்துப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை. மூன்று வாரம் அவர் முகத்தை வேவு பார்த்தேன். வியர்வை: இல்லை. கொட்டாவி: இல்லை. நிறம்: மாற்றமில்லை. வீட்டுக்குப் போனாலும் எழுதிய விரல் உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஏசி பழுதுபார்க்க ஒரு மெக்கானிக் வந்தார். வாட்டசாட்டமான ஆள். வேலை முடிந்ததும், "நானும் ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டுமா சார்?" என்றார். குடுமி ஆசையோடு மாட்டிவிட்டார். மெக்கானிக் சிரித்தபடி கால்வாய் ஓரமாகப் போனார். திடீரென்று சிரிப்பு நின்றது. மேலுதடு மினுமினுத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். திரையைப் பார்த்தேன். பாலத்துக்கு முந்தின வளைவு. கடிகாரத்தில் நாலு நிமிடம் சொச்சம்.

"வயிறு முட்டச் சாப்பிட்டு வந்திருப்பார்" என்றார் குடுமி.

பொய் சொல்கிறவர் எப்படிச் சரியாகச் சொன்னார்?

அடுத்த செவ்வாய் குடுமி கூட்டத்தில் இருந்தார். அறையில் நாங்கள் இருவர்தான். அக்கா ஹெட்செட்டை மாட்டினார், ஸ்டிக்கைத் தொடவில்லை.

"ஏம்மா, ரெண்டாவது தாள்ல என்ன எழுதுற?"

தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

"மூக்குக்குக் கீழ சந்து இருக்குல்ல, அது வழியா உன் கை தெரியும். மூணு வாரமா பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அவர்தான் எழுதச் சொன்னாருக்கா."

"சொல்லுவான். நடிக்கிறேன்னு சந்தேகம். நடிக்கத்தான் செய்யறேன்." ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "எட்டு மாசமா எனக்கு ஒண்ணுமே பண்ணல. இதுல தலைகீழா நடந்தாக்கூட ஒண்ணும் ஆகாது. பழகிப்போச்சு."

"அப்புறம் ஏன் வருதுன்னு சொன்னீங்க?"

"முதல்ல பயந்துதான். இந்த வயித்தை விட்டா இங்க எனக்கு என்ன இருக்கு, சொல்லு? ஆனா வாய்க்கு வந்ததைச் சொல்லலம்மா. ஒவ்வொரு வளைவுலயும் முன்ன எப்படி இருந்துச்சுன்னு நினைச்சுப் பார்த்துத்தான் சொன்னேன். என் பழைய வயித்துக்கு அந்த இடத்துல வந்திருக்கும். புதுசா போடுற யாருக்கும் வரும்."

மெக்கானிக் விஷயத்தைச் சொன்னேன். அவர் சந்தோஷப்படவில்லை.

"இன்னைக்குச் சரியா சொல்லிட்டேன். குடுமித் தம்பி அடுத்த மாசம் வளைவையே மாத்துவான். அது என் பழைய வயித்துக்குத் தெரியாதே. அப்ப ஊகமாத்தானே சொல்லணும்?"

நான் எழுதினேன். குடுமி அதைப் படித்தார். அதன்பின் மாதாமாதம் புதிய ஆட்களை வைத்துச் சோதித்தார்கள். வளைவை இருமுறை மாற்றியும் நடை தேறவில்லை. அக்கா மறுபடி மேலே வரவில்லை. அவர் கடைக்குப் போனால் அளவு எடுப்பார், ஆபீஸ் பேச்சை எடுக்க மாட்டார். நான் அந்த இரண்டாவது தாளை நீட்டியதாலேயே அவரைத் துரத்திவிட்டேன் என்று சக ஊழியர்கள் சிலர் இன்றும் நினைக்கிறார்கள். திருத்தவில்லை. அன்று அவர் என்னிடம் கேட்டுக்கொண்டது இதுதான்:

"ரெண்டாவது தாள்ல நீயே எழுதிடு. இந்த வயிறு பழகிடுச்சு, வேற வயிறு தேடுங்கன்னு. நீயா கண்டுபிடிச்சதா எழுதும்மா. நான் சொன்னேன்னு மட்டும் எழுதாத."