ஒரு விநாடி ஓடும் மோட்டார்

கோயமுத்தூர் கணபதியில் சாந்தாமணி கை படாத மோட்டார் குறைவு. பம்பு கம்பெனிக்காரர்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போகும் மோட்டார்களுக்குச் செம்புக்கம்பி சுற்றிக் கொடுப்பது அவள் பிழைப்பு. கல்யாணமாகி வந்த புதிதில் வீட்டோடு தொடங்கிய வேலை, பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. அடுப்பில் ரசம் கொதித்தாலும் சுற்றுவாள், பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டும் சுற்றுவாள். எண்ணிக்கை மட்டும் தப்பாது. எந்த மோட்டாரையும் திறக்குமுன் சுழலும் தண்டில் ஒன்றும், அதற்கு நேராக வெளிக்கூட்டில் ஒன்றுமாகக் குங்குமப் பொட்டு வைப்பாள். சாமி கும்பிடுகிற பழக்கம்தான்.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை, மேட்டுப்பாளையத்துக்கு மேலே இருக்கும் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் டிரைவர் ஜெரோம், ஜீப்பை வாசலில் நிறுத்திவிட்டு ஒரு சாக்குப்பையோடு வந்து நின்றான். ஆஸ்பத்திரி ஆழ்குழாய் மோட்டாருக்கு முன்னொருமுறை இவள்தான் கம்பி சுற்றியிருந்தாள்.

"அக்கா, இது தண்ணி மோட்டார் இல்லீங்க. ஜீப்பு மோட்டாருங்க."

"ஜீப்புக்கு எதுக்குங்க தம்பி மோட்டாரு? அதுக்குத்தான் இஞ்சின் இருக்குதே?"

ஜெரோம் விளக்கினான். ஆஸ்பத்திரிக்கு யாரோ வெளிநாட்டுக்காரர் கொடுத்துவிட்டுப் போன பழைய ஜீப் அது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்க வேண்டுமென்றால் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். உடனே வண்டியின் அடியில் இருக்கும் இந்தச் சின்ன மோட்டார் கொஞ்சம் திரும்பி, கியர்ப்பெட்டிக்குள் பல்லைக் கோத்துவிடும். ஓடையில் இறக்கி ஏற்றியதில் தண்ணீர் புகுந்து கருகிவிட்டது. டவுனில் பெரிய ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், சட்டையில் ஒரு சொட்டு எண்ணெய் படாத மனிதர் ஒருவர், முழு மோட்டாரையும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க இரண்டு மாசமாகும் என்று கையை விரித்துவிட்டார்.

ஜெரோமுக்கு இருந்ததோ இரண்டு நாள். மலைமேல் ஊரில் சின்னத்தாயி என்ற பெண்ணுக்குப் பிள்ளை குறுக்கே கிடக்கிறது; வலி வருமுன், சனிக்கிழமையே கீழே கொண்டுவந்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். போன வருஷமும் இதே மழையில், இதே சின்னத்தாயியை ஏற்றிக்கொண்டு இறங்கிய சாதா வண்டி பாதி மேட்டில் சேற்றில் புதைந்து நின்றது. தொட்டில் கட்டித் தூக்கிப் போவதற்குள் வயிற்றுப்பிள்ளை போய்விட்டது. அன்றைக்கு ஸ்டியரிங் பிடித்திருந்தவன் ஜெரோம்.

சாந்தாமணி உடனே மோட்டாரைக் கையில் வாங்கினாள். பொட்டு வைத்தாள், திறந்தாள். இத்தனூண்டு மோட்டாரை அவள் பார்த்ததே இல்லை. கருகிய கம்பியைப் பிரிக்கப் பிரிக்க உதடு எண்ணிக்கொண்டே போனது. புதுக்கம்பி மயிரிழை கனம்தான். எருமையை இழுத்துக் கட்டுகிற மாதிரி பம்பு மோட்டார்க் கம்பியை இழுத்துக் கட்டிய அந்த விரல்கள், இதை அறாமல் தளராமல் உட்காரவைத்ததை ஜெரோம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். தேய்ந்த கார்பன் கட்டைக்குப் பதிலாக மிக்சிக் கட்டையை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்தாள். பூசிய வார்னிஷ் காய, பிஸ்கட் டின்னுக்குள் இருநூறு வாட் பல்பை எரியவிட்டு, மோட்டாரின் உள்பாகத்தை ராவெல்லாம் அதிலேயே தொங்கவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் மூடிப் பூட்டி, ஜீப் பேட்டரியில் ஒயரைத் தொட்டாள். மோட்டார் கிர்ரென்று கிளம்பியது. நல்ல மோட்டார் என்றால் நிற்காமல் ஓட வேண்டும். பம்புக்காரிக்கு அதுதான் கணக்கு. அஞ்சு நிமிஷம் ஓடவிட்டு ரசித்தாள்.

மாட்டுவதற்காக வண்டிக்கு அடியில் படுத்த ஜெரோம் அலறாத குறை.

"அக்கா, தண்டு திரும்பிப்போச்சுங்க! தண்டு முனையில மூணு பட்டைங்க, எப்படித் திருப்பி வெச்சாலும் மூணு வாட்டத்துலயும் உக்காருது. எது சரீன்னு தெரியலீங்க."

"தப்பா மாட்டுனா?"

"உள்ள பல்லு நொறுங்கிப்போயிருமுங்க."

சாந்தாமணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதுதான் இந்த மோட்டாரின் வேலை. அதைப் போய் ஓடவிட்டுச் சந்தோஷப்பட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகு மோட்டாரை வாங்கி மடியில் வைத்துப் பார்த்தாள். கூட்டில் ஒரு பொட்டு, எண்ணெய்ப் பிசுக்கோடு பிசுக்காக. தண்டில் இன்னொன்று, எங்கேயோ திரும்பிப்போய்.

"தம்பி, நான் பொட்டு வெச்சப்ப ரெண்டும் நேருக்கு நேரா இருந்துதுங்க."

ஜெரோம் ஒயரைத் தொட்டுத் தொட்டு எடுத்தான். தண்டு இம்மியிம்மியாக நகர்ந்து வந்தது. இரண்டு பொட்டும் ஒன்றையொன்று பார்த்ததும், "போதும், போதும்!" என்று கத்தினாள். கிறிஸ்தவனான ஜெரோம் அந்தக் குங்குமத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

சனிக்கிழமை காலை அவன் கிளம்பும்போது சாந்தாமணியும் ஏறிக்கொண்டாள். "என்ற மோட்டாரு வேலை செஞ்சு ஒருநாளும் நான் பார்த்ததில்லீங்க. எல்லாம் கெணத்துக்குள்ள போயிருது. நானும் வாரேன்."

மழை விடவில்லை. அந்த மேட்டுக்குக் கீழே வண்டியை நிறுத்தி ஜெரோம் பொத்தானை அழுத்தினான். காலடியில் ஒரு விநாடி 'கிர்' என்றது, நின்றது. பல் கோத்துவிட்டது என்று பொத்தானில் விளக்கு எரிந்தது.

"அவ்ளோதானுங்களா?"

"அவ்ளோதானுங்க்கா."

நாலு சக்கரமும் சேற்றைக் கவ்வி ஏறின. சாந்தாமணி வாயைப் பொத்திக்கொண்டாள். தன் விரலால் சுற்றிய மயிரிழைக் கம்பி இத்தனை பெரிய வண்டியை மேலே அனுப்புகிறது என்பதை அவளால் நம்ப முடியவில்லை.

திரும்பும்போது பின்சீட்டில் சின்னத்தாயி படுத்திருந்தாள், தலை சாந்தாமணியின் மடியில். பாதி மேடு வந்ததும் ஜெரோம் வேகத்தைக் குறைத்தான். பின்னால் திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. சாந்தாமணிக்கு அது புரிந்தது. சின்னத்தாயியின் வயிற்றில் வைத்திருந்த தன் கையை எடுக்காமலே அவள் சொன்னாள்.

"புள்ளை உதைக்குதுங்க தம்பி. நீங்க மெதுவாவே போங்க."