சித்தி காதில் விழுந்த வாசி

பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜி பொதிந்து வந்த செய்தித்தாளை என் சித்தி ஒருநாளும் கசக்கி எறிந்ததில்லை. தின்று முடித்ததும் அதைத் தரையில் போட்டு, எண்ணெய்க் கறையோடு உள்ளங்கையால் நீவி நீவி விரிப்பாள். பிறகு என் முன்னால் தள்ளுவாள். தெருமுனைச் சாயாக்கடைக்காரர் தமிழர் என்பதால் அது பெரும்பாலும் தமிழ்த் தாளாகவே இருக்கும். அம்மா மட்டாஞ்சேரியில் ஓர் ஓட்டல் சமையலறையில் வேலை பார்த்தாள். என்னைக் கவனித்துக்கொள்ளத் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவள் சித்தி. அப்போது அவளுக்கு மலையாளம் ஒரு சொல்கூடத் தெரியாது.

அங்கன்வாடியில் நான் படுத்திய பாடு கொஞ்சமல்ல. கேட்டது கிடைக்காவிட்டால் தரையில் விழுந்து புரளுவேன். ஒருநாள் டீச்சர் பொறுமையிழந்து, கூட்டிப்போக வந்த சித்தியிடம், "இவள்க்கு பயங்கர வாசியா, கேட்டோ" என்றார். மலையாளத்தில் வாசி என்றால் பிடிவாதம். சித்தி காதில் விழுந்ததோ தமிழ் வாசி. வழியெல்லாம் என் தலையைத் தடவிக்கொண்டே வந்தவள், சாயங்காலம் அம்மாவிடம் சொன்னாள்: "உம் மக வாசிக்கிறதப் பாத்து டீச்சரே பயந்துட்டாங்கக்கா."

எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் சித்தியின் முகத்தில் இருந்த பெருமை எனக்குப் பிடித்திருந்தது. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. அவள் தள்ளிய தாள்மேல் குனிந்து உட்கார்ந்தேன். ஓர் எழுத்து பிடிபடாவிட்டால் எழுந்திருக்க மாட்டேன், சித்தியை அடுப்பங்கரைக்குப் போகவும் விடமாட்டேன். பிடிவாதம் என்னைவிட்டுப் போகவில்லை, தாளுக்கு மாறிவிட்டது. இல்லை, அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தானோ? சித்தி தப்பாகக் கேட்காமல் இருந்தாலும் நான் படித்திருப்பேனோ? கல்லூரியில் உளவியலும் படித்தேன். இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

போன வாரம் என் மகளின் டீச்சர் அதே சொல்லை என்னிடம் சொன்னார். எனக்குத்தான் மலையாளம் நன்றாகத் தெரியுமே, சரியாகவே புரிந்தது. உங்கள் வீட்டு ரத்தம் என்று கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் குணத்தைக் கொடுத்துவிட்டேனா, இல்லை என் வளர்ப்பில்தான் பிழையா என்று யோசித்து யோசித்து, மகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பள்ளுருத்தியில் இருக்கும் சித்தியிடம் போனேன். அந்தச் சொல்லின் அர்த்தம் அவளுக்கு எப்போது தெரிந்தது என்று முதன்முறையாகக் கேட்டேன்.

"பக்கத்து வீட்டுச் சேச்சி சொல்லிச் சிரிச்சா. அதுக்குள்ள நீ வாசிக்க ஆரம்பிச்சிட்டியே. பெறவு என்னத்தத் திருத்த?"

மகள் பழம்பொரியை மென்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "அம்மே, எனக்கு வாசியாணோ?" என்று மலையாளத்தில் கேட்டாள். ஆமாம் என்றால் அந்தப் பெயர் அவள்மேல் ஒட்டிக்கொள்ளும். இல்லை என்றால் பொய். டீச்சர் சொன்னபோது அவளும் பக்கத்தில்தான் நின்றாள். பொட்டலத் தாளை எடுத்துத் தரையில் போட்டேன்.

"ஆமா. வாசி" என்று தமிழில் சொல்லி அவள் முன்னால் தள்ளினேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அம்மைக்கு மலையாளமே தெரியல, அம்மம்மே" என்று சித்தியிடம் கோள் சொன்னாள். ஆனாலும் குனிந்து, கறை படிந்த ஓரத்தில் விரலை வைத்து முதல் எழுத்தைத் தேடினாள். சித்தி கையை நீட்டி, தாளின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.