செவலைக்குப் போட்ட நெத்து

தன் பசுமாடு செவலைக்கு எது நல்லது என்பதில் விமலாராணி யார் பேச்சையும் கேட்கமாட்டாள். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில், இன்னும் சூளைக்குப் போகாத பீங்கான் ஃபியூஸ் கட்டைகளின் பிசிறை ஈரப் பஞ்சால் துடைப்பது அவள் வேலை. கணவன் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அவளும் செவலையும்தான். வேலையிடத்துச் சண்டையெல்லாம் மாட்டிடம்தான் ஒப்பிப்பாள். அதுவும் பொறுமையாகக் கேட்கும், வேறு வழி?

இரண்டாயிரத்து மூன்றில் மழை ஏமாற்றியது. வைக்கோல் கண்ணில் படவில்லை. தொழிற்பேட்டைக்குப் பின்னால் வேலிகாத்தான் என்கிற சீமைக்கருவேல மரங்கள் மட்டும் வெட்கமில்லாமல் பச்சையாக நின்று முற்றிக் காய்ந்த மஞ்சள் நெத்துகளை உதிர்த்தன. ஒரு சாக்கு பொறுக்கி வந்தாள். தித்திப்பான நெத்து, செவலை தின்று தீர்த்துவிட்டு அவள் கையையும் நக்கியது. அது போதாதா? மேய்ச்சலுக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டாள். மாதக்கணக்கில் நெத்துதான்.

பிறகு செவலை அசைபோடும்போது தீனி வாயிலிருந்து நழுவ ஆரம்பித்தது. தலையைச் சாய்த்து மெல்லும். நாக்கு வெளியே தொங்கும். விலா எலும்பு தெரிந்தது. முள் குத்தியதோ, கண் பட்டதோ? வாயைத் திறந்து பார்த்தாள், ஒன்றுமில்லை. மாதா கோவில் எண்ணெயைத் தடவினாள். இளைத்துப் போகிறதே என்று பதறி, நல்ல நெத்தாகப் பொறுக்கி இடித்து, ஊறவைத்து, கையாலேயே ஊட்டினாள். பைத்தியக்காரி, அதைத்தான் செய்திருக்கக் கூடாது.

மாட்டு டாக்டர் ராஜமாணிக்கம் வந்து தாடையை அழுத்திப் பார்த்தார். "என்னம்மா போடுறீங்க?"

"வேலிகாத்தான் நெத்துங்க."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லீங்க."

அவர் நிமிர்ந்தார். "அதுல பைபெரிடின்னு ஒரு வகை ஆல்கலாய்டு இருக்குதும்மா. நஞ்சு. மத்த தீனியோட கொஞ்சமா தின்னா தாங்கும். அதையே மாசக்கணக்குல போட்டா, தாடையை அசைக்கிற நரம்பு செத்துடும்."

"பக்கத்து வூட்டு வாசுகியோட ஆடுங்களும் அதைத்தானே தின்னுது?"

"அதுங்க ஊரெல்லாம் மேயுது. உங்க மாட்டுக்கு இது ஒண்ணுதானே தீனி."

"ஆசையாத்தாங்க தின்னுச்சு. கையைக்கூட நக்குச்சே..."

டாக்டர் பையை மூடிக்கொண்டார். கஞ்சி ஊற்றிப் பார்க்கச் சொன்னார். ஊற்றினாள். பன்னிரண்டாம் நாள் செவலை செத்துப்போனது.

ஆசையாகத் தின்றது எப்படி நஞ்சாகும்? ஆடு பிழைக்க மாடு மட்டும் ஏன் சாக வேண்டும்? எத்தனை யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில், செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ச் சாமியார் முன் முழந்தாளிட்டாள்.

"என் மாட்டுக்கு நஞ்சு போட்டுக் கொன்னுட்டேன் சாமி."

"தெரிஞ்சா போட்டீங்க?"

"இல்ல சாமி. நல்லதுன்னு நெனச்சுதான் போட்டேன்."

"அப்ப அது பாவமே இல்லம்மா. அழாம வீட்டுக்குப் போங்க."

அவள் எழுந்திருக்கவில்லை.

"பாவமில்லன்னா மன்னிப்பும் கெடையாதுங்களா, சாமி?"