பந்துக்காரன் மூடை

நான் வாங்கிய முதல் உழவு மெசினை அதன் பெயிண்டைப் பார்த்துத்தான் வாங்கினேன். இரண்டு சில்லில் ஓடுகிற மெசின், பளபளவென்று சிவப்பு. ஓமந்தையில் காசைக் கொடுத்துவிட்டு ஊருக்குக் கொண்டுவருகிற வழியிலேயே நின்றுவிட்டது. திறந்து பார்த்த மெக்கானிக், "அண்ணை, உதுக்குள்ள எஞ்சின் எண்டு சொல்ல ஒண்டும் இல்லை. நிறம் மட்டும் நல்லாயிருக்கு" என்றான். அதற்குப் பிறகு ஊரில் யார் பழைய மெசின் வாங்கப் போனாலும் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போகிறார்கள். இவ்வளவு மோசமாக ஏமாந்தவன் இனி ஏமாறமாட்டான் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. நானும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, புகையை முகர்ந்து, தலையை ஆட்டுவேன். ஒன்றும் விளங்காது.

இந்தத் தகுதியோடுதான் போன காலபோக நெல் அறுவடைக்குப் பிறகு ஒரு மனிதனை மதிப்பிடவும் என்னை அனுப்பினார்கள்.

எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் கூடைப்பந்தாட்டக்காரன் அவன். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பி மீள்குடியேறிய காலத்தில் யாரோ வயற்கரையில் ஒரு சீமெந்துத் தளமும் இரண்டு வளையங்களும் கட்டித் தந்துவிட்டுப் போனார்கள். அறுவடைக் காலத்தில் அதில் நெல் காயும், மற்ற நாட்களில் பந்து துள்ளும். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்கு ஆடியவன், எங்கள் ஊரில் கலியாணம் செய்து இங்கேயே தங்கிவிட்டான். காணி இல்லை, கூலி வேலை. அவன் வேறு கழகத்துக்குப் போய்விடாமலிருக்க ஓர் ஒப்பந்தம் செய்தோம். வாய்ப்பேச்சுத்தான். அறுவடை முடிந்ததும், கழகத்தில் பிள்ளைகள் ஆடுகிற ஒவ்வொரு வீடும் அவனுக்கு ஒரு மூடை நெல் கொடுக்கவேண்டும். பந்துக்காரன் மூடை என்று அதற்குப் பெயர். அவனும் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் அடுத்த அறுவடை வரை சாப்பிடுவது அதைத்தான்.

அந்த முறை வெள்ளம் வந்து கதிரிலேயே நெல் முளைத்துவிட்டது. சொந்த வீட்டுக்கே காணாத நேரத்தில் பந்துக்காரன் மூடை எல்லாருடைய கண்ணையும் குத்தியது. அவனுக்கும் நாற்பது தாண்டிவிட்டது. முழங்காலுக்குள் கடைசிச் சண்டையில் செல் வெடித்துப் புகுந்த துண்டு ஒன்று கிடக்கிறது. எடுக்கப் போனால் கால் மடங்காமல் போகலாம் என்று டொக்டர்மார் விட்டுவிட்டார்கள். குளிர் நாட்களில் நொண்டுவான்.

கழகத் தலைவர் கூட்டத்தில் என்னைப் பார்த்தார். "வவுனியாப் பக்கத்துக் கழகத்தோட ஒரு மட்ச் வருது. பாத்துச் சொல்லுங்கோ, ஆள் இன்னும் மூடைக்குப் பெறுமதியோ எண்டு."

"புகை அடிக்குதோ எண்டு பாத்தாப் போச்சு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் கதை அவன் காதுக்கும் போயிருந்தது.

ஆட்டத்தன்று எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டிருந்தார்கள். தளத்தைக் கூட்டியிருந்தாலும் வெடிப்புகளுக்குள் நெல்மணிகள் கிடந்தன. முதல் பாதியில் அவன் ஓடவே இல்லை. வளையத்துக்குக் கீழே ஓரிடத்தில் நின்றுகொண்டு, "விடு", "இப்ப", "அங்காலை" என்று அடங்கிய குரலில் சொல்லுவான். பந்து அங்கே போய் விழும். சற்று நேரம் அவனை வெளியே இருத்தியபோது எங்கள் பெடியள் கட்டவிழ்த்த ஆடுகள் மாதிரி ஒருவரோடு ஒருவர் முட்டினார்கள். அவன் திரும்பவும் உள்ளே வந்ததும் எல்லாம் நேராயிற்று. எஞ்சினைப் பார்த்தே ஒன்றும் விளங்காத எனக்குக்கூட அது விளங்கியது. ஆள் பெறுமதி. முடிவெடுத்துவிட்டேன்.

இடைவேளையில் தண்ணீர் குடிக்க வந்தவன் என் கதிரைக்குப் பக்கத்தில் நின்றான்.

"எப்பிடி அண்ணை?"

மெதுவாகத்தான் கேட்டான். ஒரு சொல் போதும். ஆனால் சுற்றிவர ஆட்கள் நின்றார்கள், என் வாயைப் பார்த்துக்கொண்டு.

"எஞ்சின் இன்னும் சூடாகேல்லைத் தம்பி. மிச்சத்தையும் பாத்திட்டுச் சொல்லுறன்."

ஒரே சிரிப்பு. அவனும் கொஞ்சம் சிரித்தான். பிறகு குனிந்து முழங்கால் பட்டியை இறுக்கிக் கட்டினான்.

இரண்டாம் பாதியில் ஓடினான். ஒவ்வொரு பந்துக்கும் ஓடினான், பெடியளை முந்திக்கொண்டு. என் கதிரைப் பக்கம் வரும்போது இன்னும் வேகமாக. கடைசியில் ஒரு பந்துக்கு எழும்பிக் கீழே வந்தபோது முழங்கால் ஒரு பக்கமாகத் திரும்பியது.  சீமெந்திலேயே இருந்துகொண்டு, இரண்டு கையாலும் காலைப் பிடித்துக்கொண்டான்.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் பார்த்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். துண்டை எடுத்துவிட்டார்கள். கால் இனி மடங்காது.

அடுத்த கூட்டத்தில் எழும்பி, "ஆள் மூடைக்குப் பெறுமதிதான்" என்றேன். எல்லாரும் சிரிக்கத் தயாராக என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பகிடி வரவில்லை என்று கண்டதும் தலைவர், "ஆடாத ஆளுக்கு என்னெண்டு குடுக்கிறது?" என்று கூட்டத்தை முடித்தார்.

என் வீட்டு மூடையை பிறகு வாங்கிய மெசினில் ஏற்றிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். ஒரு கதிரையில் அவனும் எதிர்க் கதிரையில் அவன் காலும் இருந்தன. மனைவி மூடையைப் பார்த்தாள், பிறகு பாதையைப் பார்த்தாள், பின்னால் வேறு யாரும் வருகிறார்களா என்று. ஒருவரும் வரவில்லை. குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்த பகிடி ஒன்றும் வாயில் வரவில்லை.

"தம்பி, நான் இடைவேளைக்கு முதலே முடிவெடுத்திட்டன். நீர் பெறுமதியான ஆள் எண்டு."

அவன் காலைக் கையால் தூக்கிச் சற்று நகர்த்தி வைத்தான்.

"அதை அப்பவே சொல்லியிருக்கலாம், அண்ணை."