வீமன் போன பள்ளிக்கூடம்

மாமாவுக்குப் பெண் பார்க்கப் போனபோது நாங்கள் தங்கியது நாய்களுக்கும் இடம் கொடுக்கும் ஒரு மலிவு மோட்டலில். இதைவிடப் பெரிய அவமானம் தன் வாழ்நாளில் இல்லை என்று அம்மா ஜெர்மனியில் நாங்கள் இருந்த எசன் நகரிலிருந்து மோசல் ஆற்றங்கரை வரைக்கும் காரில் சொல்லிக்கொண்டே வந்தார்.

மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. வயது நாற்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வந்த சம்பந்தம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நொட்டை சொல்லித் தட்டிவிட்டு ஒரு நாயுடன் தனியே இருந்தார். நாயின் பெயர் வீமன். பெயர்தான் அப்படியே தவிர, ஆள் ஒரு சாண் உயரம், வயிறு நிலத்தைத் தட்டும். தபால்காரர், அப்பா, எங்கள் வீட்டுக் குக்கரின் விசில், எல்லாவற்றுக்கும் குரைக்கும். மாமா ஒரு வருடமாக ஞாயிறுதோறும் அதை நாய்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தார். இந்த நாட்டில் நாய்க்கும் பள்ளிக்கூடம் உண்டு. காலையில் போனால் இருட்டித்தான் வருவார்கள். அவ்வளவு படித்தும் வீமனுக்கு 'இரு' என்றால் இருக்கத் தெரியவில்லை. கணக்கில் மட்டமான எனக்கு அது பெரிய ஆறுதல்.

அப்படியிருக்க, மாமாவின் கூட்டாளி ஒருவர் கொண்டுவந்த இந்தச் சம்பந்தத்துக்கு மட்டும் மாமா "போய்ப் பாப்பம்" என்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெண்ணின் தகப்பன் அங்கே ஒரு வைன் தொழிற்சாலையில் போத்தல் நிரப்புகிறவர், ஆனால் ஒரு சொட்டும் நாக்கில் படாதவர். மூத்த மகள் தானே ஒருவரை விரும்பிக் கட்டிக்கொண்டதிலிருந்து அவளோடு கதைப்பதில்லை. இளையவளுக்குத் தான் பார்த்துத்தான் செய்து வைப்பேன், காதல் என்ற சொல்லே வீட்டுக்குள் வரக்கூடாது என்று கூட்டாளியிடம் முதலிலேயே சொல்லிவிட்டாராம். அந்த மனிதர் ஓம் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன் நாய் விஷயம் அவர் காதில் விழக்கூடாது. "நாயோடை படுத்தெழும்புற மாப்பிளையை ஆர் எடுப்பினம்?" என்பது அம்மாவின் கவலை. விட்டுவிட்டு வா என்றால் மாமா கேட்கவில்லை. மோட்டலையும் அவரே பிடித்தார்.

நாங்கள் போய் இறங்கியதும் மோட்டல்காரப் பெண்மணி வெளியே ஓடிவந்து "வீமன்!" என்று கூப்பிட்டார். வீமன் குரைக்கவில்லை, வாலை ஆட்டியது. ஜெர்மன்காரர்களுக்கு நாயின் முகத்தைப் பார்த்தே பெயர் தெரிந்துவிடும் என்று நான் வியந்தேன். அம்மா அந்தப் பெண்மணியைப் பார்த்தார், பிறகு தம்பியைப் பார்த்தார். மாமா குனிந்து சப்பாத்து நாடாவை நெடுநேரம் கட்டினார்.

அறையில் நாய்க்கென்று ஒரு கம்பளியும் தண்ணீர்க் கோப்பையும் வைத்திருந்தார்கள். யன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம், அதற்கப்பால் மலைச்சரிவு முழுக்கத் திராட்சைக் கொடிகள். அம்மா ஒன்றையும் பார்க்கவில்லை. வீட்டிலிருந்து சின்னப் போத்தலில் கொண்டுவந்த மஞ்சள் தண்ணீரை நாலு மூலைக்கும் தெளித்து, கட்டில்களுக்கும் தெளித்து, கடைசியில் வீமனுக்கும் கொஞ்சம் தெளித்தார்.

நாயை அறையில் தனியே விடக்கூடாது என்பது அங்கே சட்டம். ஆகவே பெண் வீட்டு வாசலில் காருக்குள் நானும் வீமனும் காவல். "அது குரைச்சால் வாயைப் பொத்து, பிள்ளை" என்று சொல்லிவிட்டு அம்மா, அப்பாவோடும் மாமாவோடும் உள்ளே போனார். வீமன் குரைக்கவில்லை. யன்னல் இடுக்கில் மூக்கை வைத்து மோந்துகொண்டு அழுதது. பாவம் என்று கதவைக் கொஞ்சம் திறந்ததுதான் தெரியும், கயிறு என் கையை விட்டுப் போய்விட்டது.

நான் பின்னால் ஓடி உள்ளே போனபோது கூடத்தில் எல்லோரும் சிலையாக இருந்தார்கள். தேநீர்த் தட்டுடன் நின்ற பெண்ணின் காலடியில் வீமன் மல்லாந்து கிடந்து முனகியது. அவர் தட்டை வைத்துவிட்டுக் குனிந்து அதன் இடது காதுக்குப் பின்னால் சொறிந்தார். வீமனுக்குப் பிடித்த இடம் அதுதான். நல்ல மனிதர்களை நாய்க்குத் தெரியும் என்று நான் நினைத்தேன். மாமா முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தகப்பன் மெல்ல எழுந்தார். நாயைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"உனக்கு இந்த நாயை முந்தியே தெரியுமோ?"

மகள் வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டார். இரண்டு கையையும் கூப்பி, சாமித்தட்டில் இருந்த வைரவர் படத்தை ஒருதரம் கும்பிட்டார்.

"அண்ணை, உங்கடை சாமித்தட்டிலை இருக்கிறது ஆர்? வைரவர். அவரின்ரை வாகனமெல்லோ வந்து உங்கடை பிள்ளையின்ரை காலிலை விழுந்து கிடக்குது! எங்கடை அவரைக் கண்டாலே குரைக்கிற சீவன் இது. இதுக்கு மேலை என்ன சகுனம் வேணும், சொல்லுங்கோ."

அப்பா உடனே, "ஓம், என்னைக் கண்டால் விடாது" என்றார். அன்று அவர் பேசியது அது ஒன்றுதான்.

தகப்பன் வைரவரை நெடுநேரம் பார்த்தார். "எங்கடை ஊர்க் கோயிலும் வைரவர் கோயில்தான்" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு உட்கார்ந்து, "அதுக்கும் ஒரு பணியாரம் குடு, பிள்ளை" என்றார். எனக்கும் இரண்டு கிடைத்தது.

திரும்பி வரும்போது வீமன் அம்மாவின் பட்டுச் சேலை மடியில் படுத்து வந்தது. அம்மா அதன் தலையைத் தடவிக்கொண்டே வந்தார். அடுத்த கிழமை வைரவருக்கு வடைமாலை சாத்தினார், அதில் ஒரு வடையைக் கழற்றித் தன் கையாலேயே வீமனுக்குக் கொடுத்தார். காரியம் கைகூடியதற்கு நன்றி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு மாமா வீமனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகவில்லை. எனக்குக் காரணம் விளங்கப் பல வருடம் பிடித்தது. விளங்கிய அன்று பெரிய கண்டுபிடிப்புப்போல அம்மாவிடம் ஓடினேன். அவர் வடைக்கு உழுந்து அரைத்துக்கொண்டிருந்தார்.

"மோட்டல்காரி பேர் சொல்லிக் கூப்பிடேக்கையே எனக்கு விளங்கிட்டுது, ஞாயிறு ஞாயிறா இவன் போன பள்ளிக்கூடம் எது எண்டு."

"பிறகு ஏன் வைரவர் சகுனம் எண்டனீங்கள்?"

"வேறை ஆரின்ரை சொல்லை அந்த மனுசன் கேக்கும்?" என்றவர், கையைத் துடைத்துவிட்டுச் சாமித்தட்டைப் பார்த்தார். "அவரின்ரை பேரிலை பொய் சொல்லிப்போட்டன். அதுதான் வருசாவருசம் மாலை."